தாழ்வாரத்தில் ஒரு சைக்கிள், நான்கு தொட்டிகள்

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மழையில்லாத நாளிலும் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். இந்த ஈரமும் வெயிலும் சேர்ந்துதான் தண்டுக்கீரையை நான்கு வாரத்தில் சமைக்கும் பருவத்துக்குக் கொண்டுவருகின்றன. இதே ஈரம்தான் மழையில் நனைந்து துடைக்கப்படாத சைக்கிள் செயினை ஒரே இரவில் துருப்பிடிக்க வைக்கிறது. வீட்டுத் தோட்டமும் சைக்கிள் பராமரிப்பும் ஒரே வீட்டில் எளிதாகச் சேர்ந்து நடப்பதற்கு இது ஒரு காரணம். தண்ணீர் எங்கே நிற்க வேண்டும், எங்கிருந்து உடனே வடிய வேண்டும் என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் இரண்டிலும் பாதி வேலை முடிந்தது. இரண்டுக்கும் செலவு குறைவு. வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

இடமும் விதியும்

சிங்கப்பூரர்களில் மிகப் பெரும்பாலோர் வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் வசிப்பவர்கள். அவர்களுக்குக் கிடைக்கும் தோட்டம் வாசலுக்கு வெளியே உள்ள பொதுத் தாழ்வாரமும் சன்னலோரமும்தான். சைக்கிளும் பெரும்பாலும் அதே தாழ்வாரத்தில்தான் நிற்கிறது. தீ விபத்தின்போது மக்கள் தப்பிச் செல்லவும் தூக்குப்படுக்கை போய்வரவும் தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. முதல் தொட்டியை வாங்குவதற்கு முன்பே அளவு நாடாவை எடுத்து, சுவரோரம் சைக்கிளை நிறுத்திய பிறகு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று அளந்துகொள்ள வேண்டும். இடம் போதாவிட்டால் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் சைக்கிள் நிறுத்தும் கம்பிச் சட்டங்களைப் பயன்படுத்தலாம். ஆனால் அங்கே சாரல் அடிக்கும் என்பதால் செயினுக்குக் கூடுதல் கவனிப்பு தேவைப்படும்.

தாழ்வாரக் கைப்பிடிச் சுவரின்மேல் தொட்டி வைக்கவே கூடாது. வெளிப்புறமாகத் தொங்கவிடவும் கூடாது. பத்தாவது மாடியிலிருந்து விழும் மண்தொட்டி ஆளைக் கொன்றுவிடும். உயரத்திலிருந்து பொருள் விழச்செய்வது சிங்கப்பூரில் குற்றம். தொட்டிகள் தரையிலோ, சுவரோடு சேர்த்துக் கட்டிய தாழ்ந்த அடுக்கிலோ இருக்கட்டும். ஊற்றும் தண்ணீர் வெளியே சொட்டி, கீழ்வீட்டார் கம்பில் காயப்போட்ட துணியை நனைக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். தோட்டத்தால் அக்கம்பக்கத்தில் எழும் மனக்கசப்புகளில் பல இந்தச் சொட்டு நீரில்தான் தொடங்குகின்றன. முதல் கீரைக்கட்டை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவது நல்ல தொடக்கம்.

வெயிலைப் படிப்பது

புதிதாகத் தொடங்குபவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் உரத்தையோ விதையையோ அல்ல, வெயிலைத்தான். தாழ்வாரத்துக்கு மேல் அடுத்த மாடியின் தளம் கூரையாக இருப்பதால் உச்சி வெயில் உள்ளே வராது. சாய்ந்து வரும் வெயில் மட்டுமே தொட்டியைத் தொடும். கிழக்குப் பார்த்த தாழ்வாரத்துக்குக் காலை வெயில் கிடைக்கும், கீரைக்கு அதுவே நல்லது. மேற்குப் பார்த்த தாழ்வாரத்தின் மாலை வெயில் கடுமையானது. மிளகாயும் கத்தரியும் அதைத் தாங்கும். சிறிய தொட்டியில் இருக்கும் கீரை வாடிவிடும்.

வடக்கும் தெற்கும் பார்த்த வீடுகளுக்கு வேறு கணக்கு இருக்கிறது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 1.3 பாகையில் இருப்பதால், மார்ச் கடைசி முதல் செப்டம்பர் கடைசிவரை சூரியன் வடபக்கம் சாய்ந்து போகும். மற்ற ஆறு மாதம் தென்பக்கம். ஆகவே ஜூனில் செழித்த வடக்குத் தாழ்வாரத் தோட்டம் டிசம்பரில் வெளிறிப்போனால் அதற்கு உரக் குறைவு காரணம் ஆகாது. அந்த மாதங்களில் நிழல் தாங்கும் செடிகளுக்கு மாறிக்கொள்ள வேண்டும். ஒரு விடுமுறை நாளில் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை, மணிக்கொரு தடவை வெயில் விழும் இடத்தைத் தரையில் சாக்குக்கட்டியால் குறித்துப் பார்த்தால் எந்தப் புத்தகமும் சொல்லாததை அந்தத் தரையே சொல்லிவிடும். நேரடி வெயில் நான்கு மணி நேரம் விழுந்தால் கீரை வளரும். காய்ப்பவற்றுக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். இரண்டு மணி நேரம்தான் என்றால் பண்டான், வல்லாரை, புதினா இவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தேக்காவிலிருந்து விதை

தோட்டம் போடுவதற்கு நர்சரிக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தையும் அதையொட்டிய பஃபலோ சாலைக் காய்கறிக் கடைகளுமே பாதித் தேவையைத் தீர்த்துவிடும். பொன்னாங்கண்ணிக் கட்டு ஒன்றை வாங்கி, இலையைச் சமையலுக்கு உருவிக்கொண்டு, தடித்த தண்டுகளை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்கும்படி நட்டால் சில நாள்களில் வேர் விடும். வெயிலிலிருந்து தள்ளி நிழலில் வைத்து, துளிர் கண்ட பிறகு வெளிச்சத்துக்கு மாற்ற வேண்டும். புதினா, கொடிப்பசலை, கங்கோங் கீரை ஆகியவற்றுக்கும் இதே முறைதான். வேரோடு விற்கப்படும் வல்லாரை இன்னும் எளிது. சனவரியில் பொங்கலுக்கு முன்பு கேம்பல் லேன் பகுதியில் இலையோடு விற்கும் மஞ்சள் கொத்தின் கிழங்கை, பண்டிகை முடிந்ததும் தூக்கி எறியாமல் ஆழமான தொட்டியில் புதைத்து வைக்கலாம். முளைப்பதற்குச் சில வாரங்கள் ஆகும், பொறுமை வேண்டும்.

சிராங்கூன் சாலை மளிகைக் கடைகளின் வெந்தயமும் கொத்தமல்லியும் விதையாகப் பயன்படும். ஆனால் சமையலுக்கு வந்தவை எல்லாம் முளைக்கும் என்று சொல்ல முடியாது. இருபது விதையை ஈரத்துணியில் மடித்து வைத்து, எத்தனை முளைக்கின்றன என்று பார்த்துவிட்டு விதைப்பது வீண்வேலையைத் தவிர்க்கும். பாதிக்குக் கீழே முளைத்தால் வேறு பொட்டலம் வாங்க வேண்டியதுதான். ஊரிலிருந்து வரும்போது மண்ணோடு செடி கொண்டுவரும் ஆசை பலருக்கு உண்டு. இந்தியாவிலிருந்து செடி கொண்டுவர நோயற்றது என்ற சான்றும் இறக்குமதி அனுமதியும் வேண்டும். அனுமதியின்றிக் கொண்டுவரும் செடியோடு பூச்சியும் நோயும் சேர்ந்தே வரக்கூடும்.

எந்தச் செடியில் தொடங்குவது? தண்டுக்கீரை, கங்கோங், சிறிய மிளகாய், கறிவேப்பிலை — இந்த நான்கும் போதும். தக்காளியில் தொடங்க வேண்டாம். இங்கே இரவும் வெப்பமாக இருப்பதால் பெரிய தக்காளி இரகங்கள் பூத்தாலும் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடும். செர்ரித் தக்காளி ஓரளவு தாங்கும். கொத்தமல்லி வெப்பத்தில் சீக்கிரம் பூவெடுத்துவிடும், அதை இளம் இலையாகவே பறித்துவிட வேண்டும். முட்டைக்கோசும் கேரட்டும் குளிர்நாட்டுப் பயிர்கள். தாழ்வாரத்தில் அவற்றோடு போராடுவதில் பயனில்லை.

தொட்டியும் மண்ணும் விதைப்பும்

கீரைக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழமுள்ள நீளத் தொட்டி போதும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் 30 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். தொட்டியின் அடியில் வடிதுளைகள் அவசியம். மண்ணை மட்டும் போட்டு நிரப்பினால் மழையில் இறுகி, மேலே தண்ணீர் தேங்கும். தொட்டி மண் இரண்டு பங்கு, தென்னை நார்த்தூள் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு என்பது நம்பகமான கலவை. நீர் வடியவில்லை என்று தோன்றினால் ஒரு கைப்பிடி பெர்லைட் சேர்க்கலாம். நார்த்தூளில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் ஊறவைத்து இரண்டு தடவை தண்ணீர் மாற்றிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும்.

தண்டுக்கீரை விதை கடுகைவிடச் சிறியது. கையால் தூவினால் ஒரே இடத்தில் குவிந்து விழும். ஒரு தேக்கரண்டி விதையோடு நான்கு தேக்கரண்டி உலர்ந்த மணலைக் கலந்து தூவினால் பரவலாக விழும். மேலே மெல்லிய மண் போர்வை போட்டு, தெளிப்பானால் நனைத்து, ஒரு செய்தித்தாளால் மூடி வைக்க வேண்டும். எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்பதால் தொட்டி விளிம்பில் சிறிது ரவை தூவி அதன் கவனத்தைத் திருப்புவது தோட்டக்காரர்களின் பழைய வழக்கம். மூன்று, நான்கு நாளில் செந்நிறத்திலோ பச்சையிலோ நூல்போல முளை தெரிந்ததும் தாளை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் முளைகள் வெளிறி நீண்டு சாய்ந்துவிடும். இரண்டு இலை விட்டதும் நெருக்கமானவற்றைக் களைந்து, அவற்றையும் கூட்டில் போட்டுச் சமைத்துக்கொள்ளலாம். அறுவடையின்போது வேரோடு பிடுங்காமல் அடியில் இரண்டு மூன்று கணு விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும்.

தண்ணீர் ஊற்றுவதற்குக் கால அட்டவணை உதவாது. விரலை மண்ணுக்குள் இரண்டாவது மடிப்புவரை நுழைத்துப் பார்த்து, உள்ளே உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். அரிசி கழுவிய நீரை அன்றாடம் ஊற்றுபவர்கள் உண்டு. கூரை அடியில் இருக்கும் தொட்டியில் அது புளித்து, சிறு ஈக்களைச் சேர்க்கும். எப்போதாவது ஊற்றினால் பரவாயில்லை.

கறிவேப்பிலை தனிக் கவனம் கேட்கும் செடி. தண்டை வெட்டி நட்டால் அரிதாகவே பிழைக்கும். பழுத்த கருநீலப் பழத்தின் சதையைக் கழுவி, விதையைப் புதிதாகவே ஊன்ற வேண்டும். உலரவிட்டால் முளைக்கும் திறன் போய்விடும். பெரிய மரத்தடியில் கிளம்பும் வேர்க்கன்று கிடைத்தால் இன்னும் நல்லது. முதல் ஆண்டு மெதுவாகத்தான் வளரும். முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளை விடும். இலையில் பறவை எச்சத்தைப் போல ஒட்டிக்கொண்டிருப்பது எச்சம் அல்ல, வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. இரண்டு மூன்று புழுக்கள் சேர்ந்தாலே சிறிய செடியை மொட்டையாக்கிவிடும் என்பதால் தினமும் இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். மாவுப்பூச்சிக்கும் அசுவினிக்கும் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் சில துளி பாத்திரச் சோப்பும் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளித்தால் கட்டுப்படும். நடுப்பகலில் தெளித்தால் இலை கருகும்.

கொசுவுக்கு இடம் கொடுக்காமல்

2020ல் சிங்கப்பூரில் 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்தது. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு சுத்தமான தேங்கிய நீரில் முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் போதும். தொட்டித் தட்டில் நிற்கும் ஒரு நாணயம் அளவு நீரே அதற்குப் போதுமானது. தட்டு இல்லாமல் செங்கல்மீது தொட்டியை வைப்பது சிறந்த ஏற்பாடு. தட்டு வேண்டியிருந்தால் நீரைக் கொட்டுவதோடு நிற்காமல் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும், ஏனென்றால் ஒட்டிக்கொண்ட முட்டை ஈரமில்லாமலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மேல்மண் இறுகியிருந்தால் முள்கரண்டியால் கிளறிவிட வேண்டும். பூவாளியையும் வாளியையும் கவிழ்த்து வைக்க வேண்டும். சாரலில் நனையும் சைக்கிளின் மடங்கிய மழையுறையிலும் கூடையில் கிடக்கும் டப்பாவிலும்கூட நீர் தேங்கும். தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து சோதித்து, கொசு பெருகும் இடம் கண்டால் அபராதம் விதிக்கிறார்கள். அபராதத்துக்காக மட்டுமல்ல, அதே தாழ்வாரத்தில் விளையாடும் குழந்தைகளுக்காகவும் இதில் சலுகை காட்டக் கூடாது.

சைக்கிள்: வாங்குவது முதல்

அடுக்குமாடி வீட்டுக்கு 20 அங்குலச் சக்கரம் கொண்ட மடக்கு சைக்கிள் மிகப் பொருத்தம். மடக்கிய நிலையில் 120 × 70 × 40 சென்டிமீட்டருக்குள் இருந்தால் எம்ஆர்டியில் எந்த நேரத்திலும் எடுத்துச் செல்லலாம். கற்றுக்கொள்ள விரும்புபவர் பழைய சைக்கிளை வாங்குவதே மேல்; கைவைக்கத் தயக்கம் இருக்காது. ஜாலான் புசாரை ஒட்டிய சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 சூலையில் மூடப்பட்டது. இப்போது இத்தகைய வாங்கல் விற்றல் பெரும்பாலும் இணையத்தில்தான். பழைய சைக்கிளைப் பார்க்கும்போது மூன்றைச் சோதிக்க வேண்டும்: சட்டத்தின் பற்றவைப்பு இடங்களில் விரிசல் உண்டா, சீட்டுக் கம்பி மேலும் கீழும் நகர்கிறதா, பிரேக் உரசும் ரிம்மின் பக்கவாட்டில் குழி விழுந்திருக்கிறதா. துருப்பிடித்த செயினை மாற்றிவிடலாம். விரிசல் விட்ட சட்டத்தைத் தொடவே வேண்டாம்.

கருவிகளில் அழுத்தமானி உள்ள பம்ப், 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் சாவிகள், 15 மில்லிமீட்டர் ஸ்பேனர், இரண்டு டயர் நெம்பிகள், பஞ்சர் ஒட்டும் பெட்டி, செயின் எண்ணெய், பழைய பருத்தித் துணி இவை போதும். பெரிய கருவிப் பெட்டி பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் காற்று, பிரேக், செயின் மூன்றையும் பார்க்க ஒரு நிமிடம் ஆகும். டயரின் பக்கவாட்டில் அழுத்த வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து மதிப்பிடுவதைவிட அதை நம்புவது நல்லது. காற்றுக் குறைந்த டயர் மேட்டில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் தரைக்கும் இடையே நசுங்கி, பாம்பு கடித்த தடம்போல இரட்டை ஓட்டை விழும். பிரேக் பிடியை முழு வலுவோடு அழுத்தினாலும் அது ஹேண்டில் கம்பியைத் தொடக் கூடாது. தொட்டால், கேபிள் நுழையும் இடத்தில் உள்ள திருகு உருளையை வெளிப்பக்கமாகச் சில சுற்றுகள் திருப்பி இறுக்க வேண்டும். பிரேக் கட்டையின் பள்ளங்கள் தேய்ந்து மறைந்துவிட்டால் கட்டையை மாற்ற வேண்டும். மழையில் ரிம் நனைந்திருக்கும்போது முதலில் இலேசாக அழுத்தி நீரைத் துடைத்துவிட்டுப் பிறகு பிடிக்க வேண்டும். நிற்பதற்கான தூரம் கூடும்.

செயின்

மழையில் நனைந்த சைக்கிளை அப்படியே நிறுத்திவிட்டு உறங்கப் போகக் கூடாது. பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே உலர்ந்த துணியால் செயினைப் பிடித்துத் துடைத்து, காய்ந்த பிறகு ஒவ்வோர் உருளையிலும் ஒரு துளி எண்ணெய் விட்டு, சற்று ஊறவிட்டு, மேலே மிகுந்திருப்பதை முழுவதும் துடைத்தெடுக்க வேண்டும். எண்ணெய் உருளைக்குள் இருந்தால் போதும். வெளியே பளபளத்தால் தூசியும் மணலும் ஒட்டி அரைக்கும். சமையல் எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் நாளடைவில் பிசினாகிவிடும். துரு நீக்கும் தெளிப்பான் அழுக்கையும் ஈரத்தையும் விரட்டும், ஆனால் செயின் எண்ணெய்க்கு ஈடாகாது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஓட்டி வந்தால் உப்புக்காற்றும் மணலும் சேர்ந்திருக்கும். அன்றே நல்ல தண்ணீரில் கழுவித் துடைப்பது நல்லது. செயின் கழுவிய அழுக்கு நீரைத் தொட்டியிலோ தாழ்வார வடிகாலிலோ ஊற்றக் கூடாது.

செயின் தேய்ந்ததா என்று அறிய ஒரு அளவுகோல் போதும். ஒரு ஆணியின் நடுவிலிருந்து 24 கண்ணிகளை எண்ணினால் புதிய செயினில் சரியாக 12 அங்குலம் வரும். அது 12 அங்குலத்தோடு 1/16 கூடிவிட்டால் மாற்றும் நேரம் நெருங்குகிறது. 1/8 கூடிவிட்டால் பல்சக்கரமும் தேயத் தொடங்கியிருக்கும், அப்போது செலவு இரட்டிப்பாகும்.

பஞ்சர் ஒட்டுவது

இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டால் சைக்கிளோடு உள்ள உறவே மாறும். சக்கரத்தைக் கழற்றி, மிச்சக் காற்றை விட்டு, டயரின் ஒரு விளிம்பை நெம்பியால் கிளப்பி, டியூபை உருவி எடுக்க வேண்டும். வால்வு இருக்கும் இடத்தில் டயரில் ஒரு குறி போட்டுக்கொண்டால் ஓட்டை தெரிந்த பிறகு டயரில் எந்த இடத்தைத் தேடுவது என்பது எளிது. டியூபில் காற்றடித்து வாளி நீரில் பகுதி பகுதியாக முக்கினால் குமிழி காட்டிக்கொடுக்கும். அந்த இடத்தைத் துடைத்து உலர்த்தி, உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேய்க்க வேண்டும். ஒட்டுப் போடும் அளவைவிட அகலமாக சொலூஷன் தடவி, ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். பெரும்பாலோர் அவசரப்பட்டுக் கெடுப்பது இந்த ஐந்து நிமிடத்தைத்தான்: பசை ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் ஒட்டாது, பளபளப்பு மங்கி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகே ஒட்டுத்துண்டை வைத்து அழுத்த வேண்டும். மாட்டுவதற்கு முன் டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்க்க வேண்டும். குத்திய கண்ணாடித் துண்டோ கம்பியோ அங்கேயே இருந்தால் துணி சிக்கும். அதை எடுக்காவிட்டால் அடுத்த தெருவிலேயே மறுபடி பஞ்சர். டயரைத் திரும்ப உள்ளே தள்ளும்போது நெம்பியை நம்பாமல் கட்டைவிரலைப் பயன்படுத்தினால் டியூப் கிழியாது. டியூபை முக்கிய வாளி நீரை மிளகாய்ச் செடிக்கு ஊற்றிவிட்டு வாளியைக் கவிழ்த்துவிட வேண்டும்.

பெடலைக் கழற்றுபவர்கள் இடது பெடலின் மறை எதிர்ப்பக்கமாகச் சுற்றும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஸ்பேனரை மேல்நோக்கிப் பெடலில் மாட்டி, சைக்கிளின் பின்பக்கம் தள்ளினால் இரண்டுமே கழலும். ஆண்டுக்கு ஒரு தடவை சீட்டுக் கம்பியை உருவி கிரீஸ் தடவாவிட்டால் இந்த ஈரத்தில் அது சட்டத்தோடு பற்றிக்கொள்ளும்.

சாலையிலோ பாதையிலோ இறங்கும்போது போக்குவரத்து விதிகளும் பராமரிப்பில் அடங்கும். 2021 செப்டம்பர் முதல் கைப்பிரேக் ஒன்றாவது இல்லாத சைக்கிளைப் பொதுப்பாதையில் ஓட்ட முடியாது. இரவு ஏழு முதல் காலை ஏழுவரை முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் வேண்டும். நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், பூங்கா இணைப்புப் பாதையில் 25 கிலோமீட்டர் என்பது வரம்பு. சாலையில் போவதானால் தலைக்கவசம் கட்டாயம்.

தாழ்வாரம் போதாதபோது

கத்தரி, வெண்டை, பாகல் என்று ஆசை வளர்ந்தால் தேசியப் பூங்காக் கழகம் 2005ல் தொடங்கிய கம்யூனிட்டி இன் புளூம் திட்டத்தில் பேட்டைத் தோட்டங்கள் உண்டு. பூங்காக்களில் 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்துக்குத் தனிப் பாத்திகளும் மூன்று ஆண்டுக்குக் குத்தகைக்குக் கிடைக்கின்றன. புளோக்குக்குக் கீழுள்ள புல்தரையில் அனுமதியில்லாமல் முருங்கையை நட்டால் நகர மன்றம் அகற்றிவிடும். பாத்தி வீட்டிலிருந்து தூரமாக இருந்தால் பின்கூடை மாட்டிய சைக்கிளே அதற்கேற்ற வண்டி. கூடையில் நிரப்பும் மண்மூட்டையின் எடையைத் தாங்கும்படி பின்டயரில் காற்றை மேல்வரம்புக்கு அருகில் வைக்க வேண்டும்.

கடைக்கு விட வேண்டிய வேலைகளும் உண்டு. சக்கரத்தில் கோட்டம் எடுப்பது, பெடல் அச்சில் பால்ரஸ் மாற்றுவது, திரவ பிரேக்கில் காற்று நீக்குவது ஆகியவற்றுக்குத் தனிக் கருவியும் பழகிய கையும் வேண்டும். மின்சைக்கிளின் மோட்டாரையும் மின்கலத்தையும் வீட்டில் பிரிக்கவே கூடாது. கடையில் விடும்போது பக்கத்தில் நின்று பார்க்க அனுமதி கேட்டால் பல மெக்கானிக்குகள் மறுப்பதில்லை. ஒரு ஸ்போக்ஸ் கம்பியை எத்தனை சுற்று இறுக்கினால் ரிம் எவ்வளவு நகர்கிறது என்பதை அங்கே அரைமணி நேரம் நின்றால் கண்ணாலேயே கற்றுக்கொள்ளலாம்.